எண் வரவில்லை என்றால் கையை எடு: எட்டு மாத பிட்வார்டன் அனுபவம்

மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் என் அலுவலகம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க பாக்ஸ் ஃபைல். வருமான வரி, ஜிஎஸ்டி, சில கடைகளுக்கு மாதக் கணக்கு. பதினேழு வருடமாக இதுதான் தொழில். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள். தோல் பெல்ட், பர்ஸ் தைக்கிறவர்கள், இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள், பாத்திரக்கடை, மளிகைக்கடைக்காரர்கள்.

இவர்களுடைய வருமான வரித் தளத்து பாஸ்வேர்டும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கும். சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. "நீயே வச்சுக்கம்மா, எனக்கு எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிறைய பேருக்கு மின்னஞ்சல் முகவரிகூட என்னுடையதுதான் பதிவாகியிருக்கும். முதலில் ஒரு நீளக்கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பிறகு எக்செல் கோப்பு. 2025 ஏப்ரலில் புது நிதியாண்டுக்கு அந்தக் கோப்பைத் திறந்தபோது 214 வரிசைகள் இருந்தன. ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பத்தின் கணக்கு. அந்த மடிக்கணினியை யாராவது ரயிலில் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த வாரமே பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டுப் பெட்டகத்துக்கு மாறினேன்.

திருடனிடமிருந்து கோப்பைக் காப்பாற்றத்தான் மாறினேன். அது எனக்குச் செய்த பெரிய உதவி வேறு. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

முதலில் பொருளைப் பற்றி. பிட்வார்டன் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஒரு பெட்டகம். 2016-ல் வெளிவந்தது, அமெரிக்க நிறுவனம், மென்பொருளின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளிப்படையாக இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொள்ளலாம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் இருக்கிறது. ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்தால் போதும், மற்றதெல்லாம் உள்ளே. எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் எத்தனை கருவியில் வேண்டுமானாலும் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் வசதியும் இலவசத்திலேயே உண்டு. எங்கள் அலுவலகத்தில் நானும் செல்வியும் இரண்டே பேர். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

எக்செல்லிலிருந்து உள்ளே ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. கோப்பை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்து வடிவில் சேமித்து, அவர்கள் கேட்கிற தலைப்புகளை முதல் வரியில் போட்டு ஏற்ற வேண்டும். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஏற்றி முடித்த பிறகு அந்த சிஎஸ்வி கோப்பு டவுன்லோட்ஸில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழைய எக்செல்லும் பென்டிரைவிலும் ஜிமெயிலிலும் கிடக்கும். அத்தனையையும் தேடித் தேடி அழித்தால்தான் பெட்டகம் வாங்கியதற்கு அர்த்தம். எனக்கு அதற்கே இரண்டு நாள் ஆனது. நோட்டுப் புத்தகத்தை என் கையாலேயே கிழித்து ஊற வைத்துக் கூழாக்கினேன்.

மாஸ்டர் பாஸ்வேர்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அதை மறந்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது, அவர்களிடமே அது இல்லை. பெட்டகத்தைப் பூட்டி அவர்கள் சர்வரில் வைக்கும்போதே சாவி நம் கையில்தான் இருக்கிறது. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே திருடு போயின. அப்படி ஒரு நாள் எங்கேயும் நடக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் சாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்திருக்கிறேன். அகராதியை வைத்துக்கொண்டு யூகிக்கும் வெளிநாட்டுக்காரனுக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்றும் தெரியாது என்பதல்ல காரணம், நீளம்தான் காரணம். ஊர்ச் சொல்லாக இருப்பது எனக்கு மறக்காமல் இருக்க. அதோடு பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டு, அது கைவிட்டால் உதவும் மீட்புக் குறியீட்டை அச்சிட்டு வங்கி லாக்கரில் வைத்துவிட்டேன்.

சரி, இப்போது அந்த எண்ணைப் பற்றி.

பிரவுசரின் மேல் மூலையில் பிட்வார்டனின் சின்னக் கேடயப் படம் இருக்கும். நீங்கள் ஒரு தளத்துக்குப் போனால், அந்தத் தளத்துக்கான பாஸ்வேர்டு பெட்டகத்தில் எத்தனை இருக்கிறதோ அந்த எண் கேடயத்தின் மேல் தோன்றும். மின்வாரியத் தளத்துக்குப் போனால் எனக்கு 1. ஒன்பதுக்கு மேல் இருந்தால் '9+' என்று காட்டும். வருமான வரித் தளத்தைத் திறந்தால் எனக்கு எப்போதும் '9+' தான். முதல் சில மாதம் அதை அலங்காரம் என்றே நினைத்தேன்.

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய அந்த வருடம் ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்கு நீட்டித்திருந்தார்கள். (கடைசியில் 16 வரை போனது.) மூன்றே நாள் பாக்கி. மாலை ஏழு மணி. அறைக்குள் எட்டுப் பேர், வாசல்படியில் மூன்று பேர். காலையிலிருந்து இரண்டு வடை மட்டும்தான் சாப்பிட்டிருந்தேன். அப்போது என் மின்னஞ்சலுக்கு ஒரு பாத்திரக்கடைக்காரர் பெயரில் கடிதம் வந்தது. ரீஃபண்ட் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, வங்கிக் கணக்கை மறுபடி சரிபார்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் ரத்தாகும் என்று.

நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. வங்கிக் கணக்கு முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருந்தால்தான் ரீஃபண்ட் வரும் என்பது உண்மை. வங்கிகள் இணைந்து ஐஎஃப்எஸ்சி என்ற கிளைக் குறியீடு மாறினால் சிக்கல் வரும் என்பதும் உண்மை. அவர் பெயர் சரியாக இருந்தது, பான் எண்ணின் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் காட்டி நடுவில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அசோகச் சின்னம் இருந்தது. பதினேழு வருடம் இந்தத் துறைக் கடிதங்களைப் பார்த்தவள் நான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செல்வி, இதைத் திறந்து முடிச்சிரு" என்று அனுப்பிவிட்டு அடுத்தவருடைய ஃபார்ம் 16-ஐக் கையில் எடுத்தேன்.

"அக்கா, இதுல நிரப்ப மாட்டேங்குது."

"பெட்டகத்துல தேடி, காப்பி பண்ணிப் போடு."

இதைச் சொன்னது நான்தான். மறைக்க விரும்பவில்லை.

செல்வி போடவில்லை. "எண்ணே வரலக்கா" என்றாள். "எப்பவும் 9+ வரும்ல, இதுல ஒண்ணுமே இல்ல."

எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் இருந்தது நான் தினமும் பார்க்கிற அதே பக்கம். அதே நீலம், அதே பட்டன், பான் எண்ணைக் கேட்கும் அதே கட்டம். ஆனால் கேடயம் காலியாக இருந்தது. பூட்டியிருக்கிறதோ என்று பார்த்தேன், ஏனென்றால் பெட்டகம் பூட்டியிருந்தாலும் எண் வராது. திறந்துதான் இருந்தது. பக்கத்து டேபில் உண்மையான தளத்தைத் திறந்தாள் செல்வி. உடனே 9+ வந்தது. மறுபடி இந்த டேபுக்கு வந்தால் காலி.

அப்புறம்தான் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. அந்த 'இன்' என்பதற்குப் பிறகு சாய்கோடு வந்திருக்க வேண்டும். அங்கே ஒரு சின்னப் படுக்கைக்கோடு இருந்தது. படுக்கைக்கோடு, ரீஃபண்ட், பிறகு இன்னொரு புள்ளி, 'டாப்'. அவ்வளவுதான். முகவரியில் முதல் சாய்கோட்டைத் தேடி, அதற்கு உடனே முன்னால் இருப்பதிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் தளத்தின் சொந்தக்காரன் யார் என்று தெரியும். அப்படிப் படித்தால் அது 'இன்-ரீஃபண்ட் டாட் டாப்' என்ற யாரோ ஒருவனுடைய தளம். முன்னால் ஒட்டியிருந்த இன்கம்டாக்ஸும் கவ்வும் அவன் வீட்டு வாசலில் அவனே எழுதி மாட்டிக்கொண்ட பலகை. முகவரிப் பட்டையில் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தது, 'பாதுகாப்பான இணைப்பு' என்றுதான் சொன்னது. இணைப்பு பாதுகாப்பானதுதான், திருடன் வீட்டுக்குப் போகிற இணைப்பு. இதைக் குறிக்க முகவரிக்குப் பக்கத்தில் முன்பு இருந்த பூட்டுப் படத்தை மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் 2023-ல் அதை எடுத்துவிட்டது.

என் கண் படுக்கைக்கோட்டைப் பார்க்கவில்லை. கண் பக்கத்தைப் பார்த்தது, நிறத்தைப் பார்த்தது, சின்னத்தைப் பார்த்தது. பிட்வார்டன் இதில் எதையும் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது முகவரி ஒன்றுதான். பெட்டகத்தில் பதிந்திருக்கும் தளப் பெயரும் திறந்திருக்கும் பக்கத்தின் தளப் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். அதற்குப் பசி கிடையாது, வாசலில் மூன்று பேர் காத்திருப்பதும் தெரியாது.

எல்லாரும் போன பிறகு அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். ரீஃபண்ட் தொகை 17,346 ரூபாய் 28 பைசா என்று போட்டிருந்தான். 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தின் 288-பி பிரிவுப்படி ரீஃபண்ட் தொகை பத்தின் மடங்காகத்தான் வரும். பைசா வரவே வராது. இதை நான் எத்தனையோ பேருக்கு வாயால் விளக்கியிருக்கிறேன். அனுப்பியவர் பெயர் துறையின் பெயர், ஆனால் பெயரின் மேல் தொட்டால் வந்த முகவரி துறையுடையது அல்ல. உண்மையான தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் நாம் முன்பே எழுதி வைத்த ஒரு வாசகத்தைக் காட்டி, இதுதானா என்று டிக் செய்யச் சொல்லும். இந்தப் பக்கத்தில் டிக் கட்டம் இருந்தது, வாசகம் இல்லை. அந்த வாசகம் இருப்பதே இப்படிப்பட்ட போலிகளைப் பிடிக்கத்தான். நாங்கள் வருடக்கணக்காகப் படிக்காமலே டிக் செய்து பழகியிருந்தோம். இதெல்லாம் தெரிந்த ஒருத்திக்கே மாலை ஏழு மணிக்குத் தெரியவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. "கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கடிதத்தை அழிக்கவில்லை. அப்படியே வருமான வரித்துறை சொல்லியிருக்கும் முகவரிக்கும், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் இன்சிடென்ட் முகவரிக்கும் ஃபார்வர்டு செய்தேன். பாத்திரக்கடைக்காரரை அழைத்து, உங்கள் கைப்பேசிக்கும் இப்படி ஏதாவது வந்தால் தொடாதீர்கள் என்றேன். சரிம்மா என்றார்.

எட்டு நாற்பதுக்கு போன். அவர் இல்லை, பெல்ட் தைக்கிற இன்னொரு அண்ணாச்சி.

"யம்மா, இன்கம்டாக்ஸ்ல இருந்து வந்துச்சு, எல்லாம் போட்டேன். இப்ப பேங்க்ல இருந்து பணம் போயிருக்குன்னு மெசேஜ் வருது."

அவர் என்னிடம் மின்னஞ்சலை விடாமல் தன் மகன் உருவாக்கிக் கொடுத்த சொந்த முகவரியை வைத்திருந்தவர். வந்த இணைப்பைக் கைப்பேசியில் தொட்டிருக்கிறார். ரீஃபண்ட் எந்த வங்கிக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறது, வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த வங்கியின் பக்கம் மாதிரியே ஒன்று வந்திருக்கிறது. நெட்பேங்கிங் எண், பாஸ்வேர்டு, ஓடிபி. ஓடிபி தப்பு என்று சொல்லி இன்னொன்று கேட்டிருக்கிறது, அதையும் கொடுத்திருக்கிறார். 25,000, பிறகு 23,000. மொத்தம் 48,000 ரூபாய். தீபாவளிக்குத் தோல் வாங்க வைத்திருந்த பணம்.

நான் ஒரு போனில் 1930, அவர் மகன் இன்னொரு போனில் வங்கி. நெட்பேங்கிங்கை முடக்கச் சொன்னான். 1930 என்பது பண மோசடிக்கான தேசிய உதவி எண். 2021-ல் 155260 என்று ஆரம்பித்து, பிறகு 1930 ஆனது. அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கணக்கு எண், வங்கிப் பெயர், எந்த நேரத்தில் எவ்வளவு போனது, குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண். அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே இருந்தார், எண்களை அவரால் வாசிக்க முடியவில்லை. மகன் குறுஞ்செய்தியை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப, நான் படித்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் இந்தியில் நிதானமாக ஒவ்வொரு இலக்கத்தையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அந்த நிதானம் அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. அன்றிரவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்தோம், கடிதத்தின் படம், குறுஞ்செய்திகள், கணக்கு அறிக்கை எல்லாம் சேர்த்து.

48,000-ல் 31,000 அடுத்த கணக்கிலேயே முடக்கப்பட்டது. மீதி 17,000 அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. முடக்கியது திரும்பக் கிடைக்க நீதிமன்ற உத்தரவு, கடிதம், அலைச்சல் என்று நவம்பர் கடைசி வரை ஆனது. ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதியில், வாடிக்கையாளர் தப்பே இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது. ஆனால் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் கணக்கில்தான் எழுதப்படும். சொன்ன பிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு. அதனால் அந்த முதல் போனை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் மகனைத் திட்டி, பிறகு மனைவியிடம் மறைத்து, மறுநாள் காலையில் என்னிடம் வந்திருந்தால் அந்த 31,000-மும் இருந்திருக்காது. உடனே வெட்கப்படாமல் போன் செய்தாரே, அதற்காக அண்ணாச்சியை எல்லார் முன்னாலும் பாராட்டினேன். இப்போதும் பாராட்டுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கைப்பேசியிலும் பிட்வார்டன் போட்டோம். அறுபத்து மூன்று வயது, தமிழும் இந்தியும் பேசுவார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கஷ்டப்படுவார் என்று நினைத்தேன். மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு முறை போட்டுவிட்டுக் கைரேகையில் திறக்கும்படி வைத்தோம். உள்ளே நான்கே நான்கு: வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி, மின்வாரியம். கைப்பேசியில் கேடயமும் எண்ணும் இல்லை. பாஸ்வேர்டு கட்டத்தைத் தொட்டால் கீபோர்டுக்கு மேலே கணக்கின் பெயர் ஒரு பட்டையாக வரும், அதைத் தொட்டால் நிரப்பிவிடும். "பேர் வந்தா தொடு, பேர் வரலைன்னா போனைக் கவுத்து வச்சிட்டு எனக்கு அடி" என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் தன் வங்கிப் பாஸ்வேர்டு என்ன என்றே இப்போது தெரியாது. இருபது எழுத்தில் பிட்வார்டனே உருவாக்கியது. தெரியாததை யார் ஏமாற்றிக் கேட்டாலும் சொல்ல முடியாது. இது எனக்கு முன்பு தோன்றாத ஒரு பெரிய நிம்மதி.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிட்வார்டன் காப்பது பாஸ்வேர்டு போடுகிற வாசலை மட்டும்தான். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறவனையோ, கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருகிற, தொட்டால் கைப்பேசியில் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஏபிகே கோப்பையோ அது தடுக்காது. ஓடிபியை நீங்களே வாயால் சொன்னாலும் அது ஒன்றும் செய்ய முடியாது. கடிதத்தோடு இணைப்பாக வருகிற கோப்பைத் திறக்கும் முன் அனுப்பியவருக்கு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் போன் செய்து கேட்பது மட்டும்தான் வழி. வருமான வரித்துறை நோட்டீஸ் என்று வந்தால் வேறு நல்ல வழி இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் துறைக் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். துறையின் தளத்துக்கு நாமே போய், உள்ளே நுழையாமலே அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில நேரம் நல்ல தளத்திலும் எண் வராது. எங்களுக்கு இது அக்டோபரில் நடந்தது. போலிகளை ஒழிக்க, இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அந்த முகவரியை வங்கிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், ஐடிஆர்பிடி என்ற அமைப்புதான் பதிவு செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முகவரி மாறியதும் பிட்வார்டனுக்குத் தெரியவில்லை, பெட்டகத்தில் பழைய பெயர்தானே இருக்கிறது. ஒரு நாள் காலை செல்வி கேடயத்தைக் காட்டி, "அக்கா, இதுவும் காலி" என்றாள். அவள் முகத்தில் பயம். காசோலைப் புத்தகத்தோடு வந்த வங்கிக் கடிதத்தை எடுத்து, அதில் அச்சாகியிருந்த பழைய முகவரியைக் கையால் அடித்தோம். அதுவே புது முகவரிக்குக் கொண்டுபோனது, பெயர் பேங்க் டாட் இன் என்றுதான் முடிந்தது. அதன் பிறகே புது முகவரியைப் பெட்டகத்தில் சேர்த்தோம். அடுத்த முறை எண் வந்தது.

ஆகவே எண் வரவில்லை என்பதற்கு 'திருடன்' என்று பொருள் கொள்ளக் கூடாது. 'நில், விசாரி' என்று பொருள். ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், நிரப்பவில்லையே என்ற எரிச்சலில் பெட்டகத்தைத் திறந்து காப்பி செய்து கையால் ஒட்டுவதில். அந்த ஒரு செயல் முழுப் பாதுகாப்பையும் உடைத்துவிடும். நான் செல்வியிடம் சொன்னது அதைத்தான். அதனால் அலுவலகத்தில் ஒரு விதி எழுதி இரண்டு கணினியின் மேலும் ஒட்டியிருக்கிறோம்: 'எண் வரவில்லை என்றால் கையை எடு.' அந்த வாசகம் செல்வியுடையது, அவள் கையெழுத்து.

குரோமிலேயே இருக்கும் பாஸ்வேர்டு சேமிப்பும் இதே வேலையைச் செய்யும், அதுவும் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். வீட்டில் ஒரே கைப்பேசி, நான்கைந்து கணக்கு என்றால் அதுவே போதும், புதிதாக எதுவும் தேட வேண்டாம். எனக்கு இரண்டு பேர், மூன்று கருவி, இரண்டு பிரவுசர், கிளையன்டுகளின் கணக்கு என் சொந்த ஜிமெயிலோடு கலக்கக் கூடாது என்ற கட்டாயம். அதனால் பிட்வார்டன்.

என்னைப் போலச் சின்ன அறையில் பத்துப் பேருடைய, நூறு பேருடைய கணக்கை வைத்திருக்கிற வரி ஆலோசகர்கள், டிராவல்ஸ் நடத்துகிறவர்கள், பிஎஃப் வேலை பார்த்துக் கொடுக்கிறவர்கள் இந்த வாரமே போடுங்கள். சீசன் இல்லாத மாதத்தில் போடுங்கள், ஜூலையில் ஆரம்பித்தால் பழகாது. கூட வேலை பார்க்கிறவருக்கு எண்ணைக் காட்டி விளக்குங்கள். அந்த அறையில் பதவியில் சின்னவளாக இருந்த ஒரு பெண் "வரலக்கா" என்று என்னை மறுத்துச் சொல்ல முடிந்ததால்தான் ஒரு குடும்பத்தின் கணக்கு தப்பித்தது. அதைச் சொல்ல அவளுக்கு தைரியம் கொடுத்தது அந்தக் காலிக் கேடயம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. காசு கட்டும் பிரீமியம் திட்டத்தில், நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாம் நம்பும் ஒருவர் கேட்டு, நாம் குறித்த நாள்கள் வரை காத்திருந்து பெட்டகத்தைத் திறக்கும் வசதி இருக்கிறது. 214 குடும்பங்களின் கணக்கு இருக்கும் என் பெட்டகத்தின் மாஸ்டர் பாஸ்வேர்டு இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் பிரீமியம் வாங்கிவிடுவேன். செல்வியின் பெயரைக் கொடுப்பதா, அம்பர்நாத்தில் இருக்கும் என் தம்பி பெயரைக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருப்பு ஏழு நாள் என்று முடிவு செய்துவிட்டேன்.